கிடாருக்கு ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் போடலாமா? நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் கிடார் ரிப்பேர் பார்க்கிறேன். சர்ச் கொயரில் வாசிக்கிற பையன்கள், கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்கள், ஐ.டி. வேலை முடிந்து ராத்திரி பேண்டில் வாசிக்கிறவர்கள் என்று மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். இப்போதெல்லாம் மூன்று பேரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணா, ஸ்டெயின்லெஸ் போட்டுடலாமா?" கிடாரின் நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்; அவற்றை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றலாமா என்று கேட்கிறார்கள். முதல் ஆளுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். இரண்டாமவருக்கு யோசிக்காமல் போடச் சொல்வேன். மூன்றாமவரை ரெண்டு நிமிஷம் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

கிடாரோடு வழக்கமாக வருவது நிக்கல் ஃப்ரெட். அதில் பாதிக்கு மேல் செம்புதான். நிக்கல் சுமார் 18 சதவீதம், மிச்சம் துத்தநாகம். விக்கர்ஸ் கடினத்தன்மை 200 வாக்கில் இருக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு அது 300 வாக்கில். நம்முடைய மெல்லிய ஸ்ட்ரிங்குகளோ எஃகு, நிக்கல் ஃப்ரெட்டை விடக் கடினம். அழுத்தி அழுத்தி வாசிக்க, ஸ்ட்ரிங்குக்குக் கீழே பள்ளம் விழுகிறது. வெண்கலம் சுற்றிய தடித்த ஸ்ட்ரிங்குகள் அவ்வளவாக அறுக்காது. அதனால் அகூஸ்டிக் கிடாரில் தேய்மானம் பெரும்பாலும் முதல் இரண்டு ஸ்ட்ரிங்குக்குக் கீழே, முதல் மூன்று ஃப்ரெட்டில் இருக்கும். சி கார்டும் டி கார்டும் பிடிக்கிற இடம்.

ஸ்டெயின்லெஸ் ஏதோ நேற்று வந்த ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். 1993இல் வந்த பார்க்கர் ஃப்ளை கிடாரில் தொழிற்சாலையிலேயே அதைத்தான் ஒட்டிக் கொடுத்தார்கள்.

சரி, உங்கள் கிடாருக்கு ஃப்ரெட் மாற்றுவதே தேவையா என்று முதலில் பாருங்கள். பஸ் அடிக்கிறது, அதாவது ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசி இரைகிறது என்றதும் ஃப்ரெட்டைக் குறை சொல்லிவிடுகிறார்கள். நெக் வளைந்திருந்தாலும் பஸ் அடிக்கும்; அதை நெக்குக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பியே சரிசெய்யலாம். நெக் நேராக இருக்கிறது என்று தெரிந்தபின், ஒரு சின்ன எஃகு ஸ்கேலின் விளிம்பை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகள் மேல் வையுங்கள். மூன்றை மட்டும்தான் தொட வேண்டும். மேலே போகப் போக இடைவெளி குறையும் என்பதால் நீளம் குறைந்த துண்டு வேண்டியிருக்கும். ஸ்கேல் ஆடினால் நடு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட் இப்படி என்றால் தட்டி உட்கார வைத்தாலே போதும், பணம் மிச்சம்.

அடுத்து உயரம். ஜே.சி. ரோட்டில் பைக் மெக்கானிக்குகள் வாங்குகிற ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளின் கட்டு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு ஃப்ரெட் மேல் ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள். ஸ்கேலுக்கும் மரத்துக்கும் நடுவே கேஜ் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். உரசிக்கொண்டு நுழைகிற மொத்தத் தடிமன்தான் ஃப்ரெட்டின் உயரம். பள்ளத்தில் ஒருமுறை, பள்ளமில்லாத இடத்தில் ஒருமுறை அளந்தால் பள்ளத்தின் ஆழமும் தெரிந்துவிடும். புது ஃப்ரெட் பொதுவாக 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை. பள்ளத்திலேயே 0.9 இருந்தால் எல்லாவற்றையும் சமமாக ராவி, ஃப்ரெட்டின் தலையை, அதாவது ஸ்ட்ரிங் படும் மேல்புறத்தை, மறுபடி உருண்டையாக்கிக் கொடுத்துவிடலாம். 0.7க்குக் கீழே போயிருந்தால் நான் ராவ மாட்டேன், மாற்றத்தான் வேண்டும். முதல் நாலைந்து ஃப்ரெட் மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் நிக்கலிலேயே மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார்டு பிடிக்கிற கொயர் கிடாருக்கு இது போதும். பாதி நிக்கல் பாதி ஸ்டெயின்லெஸ் என்று கலந்து போடச் சொல்லாதீர்கள்; ஒரு பக்கம் தேயும், மறுபக்கம் தேயாது, அப்புறம் மட்டம் கெட்டுப்போகும்.

யாருக்கு ஸ்டெயின்லெஸ்? ஸ்ட்ரிங்கைக் குறுக்கே இழுக்கிறவருக்கு. கமகத்துக்காக ஒரே ஃப்ரெட்டில் இழுத்து இழுத்து வாசிக்கும்போது நிக்கல் பள்ளமாவதோடு தலையும் தட்டையாகிவிடும். சுருதி சுத்தமாக நிற்காது. வீணையில் மெட்டு தேய்ந்தால் எடுத்து ராவி, மெழுகில் மறுபடி பதித்து மேளம் கட்டிவிடுவார்கள். கிடாரில் ஃப்ரெட்டை மரத்துக்குள் அடித்து இறக்கியிருக்கிறது; பிடுங்கும் ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் பெயரும். ஆகவே இவர்கள் ஒரே தடவையில் ஸ்டெயின்லெஸ்ஸாகப் போட்டுவிடுவது மேல். இழுக்கும்போது ஸ்ட்ரிங் வழுக்கிக்கொண்டு போவது தனி சுகம். கையில் வியர்வை அதிகமுள்ளவர்களுக்கும் இதுவே நல்லது, பச்சைக் களிம்பு பிடிக்காது.

சத்தம் கூர்மையாகிவிடும் என்ற பயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு ரக ஸ்ட்ரிங் மாட்டினால் இதைவிட அதிக வித்தியாசம் காதுக்குத் தெரியும். நிக்கல் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஈவோ கோல்டு என்று பொன் நிறத்தில் ஒன்று உண்டு. செம்போடு தகரம், இரும்பு, டைட்டானியம் சேர்த்தது, கடினத்தில் இரண்டுக்கும் நடுவில்.

வேலை கொடுக்கப்போகிறவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஃப்ரெட் தலையை உருட்ட வைர அரம் வைத்திருக்கிறாரா? சாதாரண அரம் ஸ்டெயின்லெஸ்ஸில் வழுக்கும், சீக்கிரம் மழுங்கும். கம்பியை ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு முன்கூட்டியே வளைத்து அடிப்பாரா? நிக்கல் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்து, ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். பழைய ஃப்ரெட்டைப் பிடுங்கும்முன் சால்டரிங் அயர்னால் சூடாக்குவாரா? கடைசியாக, நட் (நெக்கின் மேல் முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) மாற்றுவது கூலியில் சேர்ந்ததா? தேய்ந்த ஃப்ரெட்டுக்கு ஏற்றாற்போல் ஆழமாகிப்போன பழைய நட்டை அப்படியே விட்டால், புது ஃப்ரெட்டின் உயரத்துக்கு, விரல் வைக்காமல் வாசிக்கிற ஓப்பன் ஸ்ட்ரிங் பஸ் அடிக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கூலி கூடத்தான் கேட்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கருவிகள் தேய்கின்றன, நேரமும் அதிகம். கிடாரின் விலையைக் கூலி நெருங்கினால் நிக்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது போடுவது? பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்துவிடும். ஃப்ரெட்போர்டு மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் நுனிகள் கீறும். சென்னையிலிருந்து வருகிற கிடார்களில் இது இன்னும் மோசம். மழைக்காலத்தில் ஸ்டெயின்லெஸ் போட்டால் அடுத்த மார்ச்சில் நுனி நீட்டிக்கொள்ளும், அதை ராவுவது நிக்கலைப் போல ரெண்டு இழுப்பில் முடியாது. மரம் சுருங்கியிருக்கும்போதே போட்டு நுனியை ராவிவிட்டால் அப்புறம் நீட்டாது. இப்போதைக்கு மாற்றப்போவதில்லை என்றால் கிடாரைப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் வையுங்கள். டப்பா மூடியில் துளை போட மறக்க வேண்டாம், ஸ்பாஞ்ச் மரத்தில் படவும் கூடாது.