கடலூர் வெயிலில் பருப்பு வேகவைக்க ஓர் அட்டைப்பெட்டி அடுப்பு

மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் கத்தரி வெயிலுக்கு வடாம் ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், அந்த வெயிலில் அரை டம்ளர் பருப்பு வேகாதா என்று தோன்றித்தான் இதைச் செய்து பார்த்தேன். வேகும். உள்ளே போன சூடு வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆரோவில் பொதுச் சமையலறையான சோலார் கிச்சன் மாடியில் இருக்கிற 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குவது. நம்முடையது அந்த வகை இல்லை. 1767இல் ஜெனீவா விஞ்ஞானி சோசூர் கண்ணாடி மூடிய பெட்டியில் சூட்டைப் பிடித்துவைத்தாரே, அது.

இரண்டு அட்டைப்பெட்டி எடுங்கள். பெரியது 50 செ.மீ. சதுரம், உயரம் 30. சின்னது 40 சதுரம், உயரம் 25. பெரியதன் அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோலோ கசக்கிய செய்தித்தாளோ பரப்பி, அதன்மேல் சின்னதை வைத்து, சுற்றியுள்ள இடைவெளியிலும் அதையே திணித்து, மேலே அட்டைப் பட்டையால் ஒட்டி மூடிவிடுங்கள். தெர்மாகோல் வேண்டாம், சூட்டில் சுருங்கும். உள்பக்கச் சுவர்களில் அலுமினியம் ஃபாயிலை மைதாப் பசையால் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அடியில் மட்டும் கருப்புத் தகரம். நான் கரியை நைசாகப் பொடித்து அதே பசையில் குழைத்துத் தகரத்துக்கும் பாத்திரத்தின் வெளிப்பக்கத்துக்கும் பூசினேன்.

கண்ணாடிக் கடையில் 4 மி.மீ. கண்ணாடியை 50க்கு 50 வெட்டி, ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். முதல் தடவை அதை அட்டைமேல் அப்படியே வைத்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்தும் பாசிப்பருப்பு நசுங்கவில்லை, ஓரத்தில் கையை வைத்தால் அனல் காற்று விரலில் அடிக்கிறது! அப்புறம் பழைய வேட்டியைக் கிழித்து நாலு மடிப்பாக மடித்து விளிம்பு முழுக்க ஒட்டி, அதன்மேல் கண்ணாடியை வைத்தேன். மறுநாள் அதே அளவு பருப்பு இரண்டு மணி நேரத்துக்குள் குழைந்துவிட்டது. இந்தத் துணியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு அட்டையில் ஃபாயில் ஒட்டிப் பின்பக்கம் கதவுபோல நிறுத்தி, அதன் வெளிச்சம் கண்ணாடிமேல் விழும்வரை சாய்த்து, கயிற்றால் கட்டுங்கள். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும், தையில் தெற்கே சாய்ந்துவிடும், அப்போது பெட்டியைத் தெற்குப் பார்த்து வையுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை திருப்பினால் போதும். ஃபாயில் வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது.

முதல் நாள் வெறும் பெட்டியை இரண்டு மணி நேரம் காயவிடுங்கள், அட்டையிலும் பசையிலும் உள்ள ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். சமையலைக் காலை பத்து மணிக்கே வைத்துவிடுங்கள். மதியம் கடற்காற்று கிளம்பினால் ஃபாயில் அட்டை ஆடும், கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்து ஒரு செங்கல் முட்டுக்கொடுக்க வேண்டும். பாத்திரம் மெல்லியதாக, மூடியோடு இருக்கட்டும். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சோற்றுக்கு ஊறிய பச்சரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர், இரண்டு மணி நேரம். நடுவில் திறந்து பார்க்கக் கை பரபரக்கும், திறந்தால் பிடித்த சூடெல்லாம் போய்விடும். தாளிப்பதற்குக் கேஸ் அடுப்புதான். எடுக்கும்போது கைத்துணி இல்லாமல் தொடாதீர்கள்.

உப்புக்காற்றில் ஃபாயில் மங்கினால் புதிதாக ஒட்டுங்கள். ஐப்பசி பிறந்ததும் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள், ஒருமுறை மழையில் ஊறிய அட்டை அப்புறம் எதற்கும் ஆகாது.