கேஸ் அடிப்பதற்கு முன்: ஃபிரிட்ஜ், ஐஸ் மேக்கர் பழுதுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கோடைகளுக்கு முன் எங்கள் வீட்டு டபுள் டோர் ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதி திடீரெனக் குளிராமல் போனது. மேலே ஃபிரீசரில் ஐஸ் கல்லாகத்தான் இருந்தது. கீழே வைத்த பாலோ மறுநாள் காலையில் காய்ச்சும்போதே திரிந்தது. பார்க்க வந்தவர் பின்பக்கத்தைக் கையால் தடவிவிட்டு, இரண்டே நிமிடத்தில் "கேஸ் போயிடுச்சு, அடிக்கணும்" என்றார். அடித்தார், நாங்களும் பணம் கொடுத்தோம். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய ஃபிரிட்ஜ் அதற்கடுத்த வாரம் பழைய நிலைக்கே திரும்பியது. இரண்டாவதாக வந்த மெக்கானிக் ஃபிரீசரின் உட்பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. குளிர் உண்டாக்கும் காயில் என்ற குழாய்ச்சுருள் முழுவதையும் மூடி, சுவர் எழுப்பியதுபோல் ஐஸ் படிந்திருந்தது. அதை உருக்க வேண்டிய ஹீட்டர் எரிந்துபோயிருந்தது. முதல் முறை அந்த ஒரு வாரம் எப்படி ஓடியது என்றால், கேஸ் அடிப்பதற்காக ஃபிரிட்ஜை ஒரு நாள் நிறுத்தி வைத்ததில் ஐஸ் தானாகவே உருகியிருந்தது, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் வீடுகளில் நடக்கும் தவறுகளிலேயே அதிகச் செலவு வைப்பது இதுதான் என்பேன். சமையல் கேஸைப் போல ஃபிரிட்ஜின் கேஸும் ஓட ஓடத் தீரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது எரிபொருள் அன்று. மூடப்பட்ட குழாய்க்குள் உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கி வெளியே விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் சுற்றிவரும் பொருள் அது. குழாயில் ஓட்டை விழாதவரை பதினைந்து ஆண்டுகள் ஆனாலும் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், கசிவை அடைக்காமல் அடித்த கேஸ் மறுபடியும் கசியத்தான் செய்யும். ஆகவே கேஸ் போய்விட்டது என்று யாராவது சொன்னால், கசிவு எங்கே இருக்கிறது, அதை எப்படி அடைக்கப் போகிறீர்கள், குழாயிலுள்ள ஃபில்டரை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்யூம் போடுவீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஃபிரீசர் கெட்டியாக உறைந்திருக்க, கீழ்ப்பகுதி மட்டும் குளிரவில்லை என்றால் பெரும்பாலும் குறை கேஸில் இல்லை. குளிர்ந்த காற்று கீழே வந்து சேராததில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இப்போது விற்கும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோன் படலத்துக்குக் கேடில்லாதது, மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவது, ஆனால் தீப்பற்றக்கூடியது. அளவு சில பத்துக் கிராம்தான் என்றாலும், அந்த வகை ஃபிரிட்ஜில் கேஸ் இருக்கும்போதே குழாயை நெருப்பால் சூடாக்கி ஒட்டவைப்பது ஆபத்தானது. எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும். அதைப் படிக்காமலும், எடை போடாமல் கைக்கணக்கிலும் அடிப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

எந்த வகை ஃபிரிட்ஜ் என்று தெரியாமல் கை வைப்பது

சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவை டைரக்ட் கூல் வகை. அவற்றில் ஃபிரீசர் பெட்டியின் சுவர்தான் காயில். ஐஸ் அதன்மேல் நம் கண்ணெதிரே கட்டும். டபுள் டோரில் பெரும்பாலும் ஃபிராஸ்ட் ஃப்ரீ முறை. அதில் காயில் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு சிறு மின்விசிறி குளிர்ந்த காற்றை மேலும் கீழும் தள்ளும். அவ்வப்போது ஹீட்டர் எரிந்து படிந்த பனியை உருக்கும். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டைரக்ட் கூல் ஃபிரிட்ஜில் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ ஐஸைக் குத்தி எடுப்பது மிகப் பழைய தவறு, இன்றும் நடப்பது. அந்த மெல்லிய அலுமினியச் சுவருக்குள்ளேதான் கேஸ் ஓடும் வழி இருக்கிறது. சட்டென்று ஒரு குத்து விழுந்து 'உஸ்' என்று சத்தம் கேட்டால், மேலே சொன்ன கசிவை நாமே உண்டாக்கிவிட்டோம் என்று பொருள். சுமார் அரை சென்டிமீட்டர் தடிப்புக்கு ஐஸ் கட்டும்போதே டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட வேண்டும். அவசரமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துக் கதவைத் திறந்து விட்டால் போதும். ஹேர் டிரையரைக் கொண்டு உருக்கும் யோசனையைச் சிலர் சொல்வதுண்டு. தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தேவையில்லாத துணிச்சல்.

ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. உட்பக்கப் பின்சுவரில் தெரியும் துளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல; காற்று வருவதும் போவதும் அவற்றின் வழியாகத்தான். நம் வீடுகளில் அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டு நிற்பது வழக்கமாக இட்லி மாவுப் பாத்திரம். மாவு பொங்கி வழியக்கூடாது என்று பெரிய பாத்திரத்தில் எடுத்து, அதைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளி வைப்போம். மற்ற தட்டுகளுக்குக் காற்று போகாது. நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தாலே பல வீடுகளில் 'பழுது' சரியாகிவிடும். இடைவெளி விட்டும் கீழே குளிரவில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுபடி போட வேண்டும். சில நாள் நன்றாகக் குளிர்ந்து பிறகு பழையபடி ஆனால், பனியை உருக்கும் ஹீட்டர், சென்சார், டைமர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் அவருக்கும் வேலை குறையும், நமக்கும் செலவு குறையும்.

திருகை 7-இல் வைத்துவிட்டுக் காத்திருப்பது

குளிர் போதவில்லை என்றதும் முதலில் கை போவது தெர்மோஸ்டாட் திருகுக்கு. அதிலுள்ள எண் எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. எவ்வளவு குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. சாதாரணக் கம்ப்ரசர் 2-இல் ஓடும் அதே வேகத்தில்தான் 7-இலும் ஓடும். நிற்காமல் ஓடும், அவ்வளவே. காய்கறி உறையும், பனி கூடும், மின்கட்டணமும் ஏறும். டபுள் டோரில் ஒரு விசித்திரமும் உண்டு: பல மாடல்களில் ஃபிரீசர் திருகு உண்மையில் கீழே போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது. ஐஸ் சீக்கிரம் உறையட்டும் என்று அதைக் கடைசி வரை திருகினால் குளிர்ந்த காற்று மேலேயே தங்கிக் கீழ்ப்பகுதி சூடாகும். முதல் வேலையாக இரண்டு திருகுகளையும் நடுவில் கொண்டுவந்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

திருகுக்கு முன் பார்க்க வேண்டியது வெப்பமானி. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருப்பது சரி. வெப்பமானி இல்லாத வீட்டுக்கு மாவே வெப்பமானி. வழக்கமாக நான்கு நாள் தாங்கும் மாவு இரண்டாம் நாளே புளித்துப் பொங்கினால், குளிர் குறைந்துவிட்டது என்று பால் திரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கதவு ரப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. பல நேரங்களில் ரப்பரில் ஒட்டிய பிசுக்கை சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும். புது ரப்பர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். காய்கறி டிரேவுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், பின்சுவரின் கீழே உள்ள வடிகால் துளை அடைத்திருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைச் செலுத்தினால் திறந்துகொள்ளும். கம்பியை விட்டுக் குடைய வேண்டாம்.

மின்சாரத்தில் நாம் காட்டும் அவசரம் இதைவிட மோசமானது. மின்சாரம் போய் உடனே வந்தாலோ, நாமே சுவிட்சை அணைத்து உடனே போட்டாலோ, கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமநிலைக்கு வந்திருக்காது. மோட்டார் சுழல முடியாமல் திணறி, 'டக்' என்ற ஒலியோடு பாதுகாப்பு ரிலே அதை நிறுத்திவிடும். ஐந்து நிமிடம் காத்திருந்து போட வேண்டும்; தாமதம் தரும் ஸ்டெபிலைசர் செய்வதும் இதைத்தான். காத்திருந்து போட்ட பிறகும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டக்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றால், வோல்டேஜ் குறைவா, ரிலே பழுதா, கம்ப்ரசரே போய்விட்டதா என்பதை இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். விலையும் அந்த வரிசையில்தான் ஏறுகிறது. தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் மட்டும் வரிசையெல்லாம் கிடையாது. மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எர்த் இணைப்பைப் பார்க்க எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

பழுதே இல்லாததைப் பழுதென்று எண்ணுவதும் உண்டு. ஃபிரிட்ஜின் பக்கவாட்டுச் சுவர் சூடாக இருந்தால், உள்ளிருந்து எடுத்த வெப்பம் அங்கே வெளியேறுகிறது என்று பொருள். வீட்டுச் சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடைவெளி விட்டால் போதும். இரவில் கேட்கும் 'படக்' ஒலி, பிளாஸ்டிக் சுருங்கி விரிவதால் வருவது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் கதவின் வெளிப்புறம் வியர்ப்பது காற்றிலுள்ள ஈரத்தால்.

ஐஸ் மேக்கர் ஐஸ் தராதபோது

சைடு பை சைடு ஃபிரிட்ஜ்களோடு தானியங்கி ஐஸ் மேக்கரும் நம் சமையலறைகளுக்கு வந்துவிட்டது. குழாய் இணைப்போடு வரும் மாடல்களில் பெரும்பாலான புகார்கள் கருவியைப் பற்றியவை அல்ல. தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றியவை. பல மாடல்களின் கையேடு குறைந்தது 20 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 1.4 பார் அழுத்தம் கேட்கிறது. பத்து மீட்டர் உயரத்திலுள்ள தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும் என்பதால், மொட்டைமாடித் தொட்டி 14 மீட்டராவது மேலே இருந்தால்தான் அது கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே மேல்தளத்தில் குடியிருப்பவருக்கு 0.3 பார்கூட வருவது சந்தேகம். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. கருவியின் தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுத்தாலோ அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இராது. ஐஸ் சிறுத்தும் நடுவில் குழிந்தும் விழுந்தால், ஐஸ் மேக்கரை மாற்றச் சொல்வதற்கு முன் ஒரு பூஸ்டர் பம்ப் தேவையா என்று கேட்க வேண்டும். போர்வெல் தண்ணீரை நேரடியாக இணைத்த வீடுகளில் வால்வின் சிறு வலை உப்புப் படிந்து அடைபடுவதும் இதே அறிகுறியைக் காட்டும்.

இரண்டாவது தவறு பொறுமையின்மை. புதிதாக இணைத்த ஐஸ் மேக்கர் ஐஸ் தரத் தொடங்க ஒரு நாள்கூட ஆகலாம். ஃபிரீசர் போதிய அளவு குளிராதவரை அது தண்ணீரை எடுக்காது. முதலில் விழும் சில தடவை ஐஸைக் கொட்டிவிட வேண்டும். ஒரு நாள் கடந்தும் ஒன்றும் விழவில்லை என்றால், ஐஸ் விழும் தொட்டிக்கு மேலுள்ள கம்பிக் கை உயர்த்தி விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நிறைந்தால் ஐஸ் உற்பத்தியை நிறுத்துவதற்கான கை அது. சுத்தம் செய்யும்போது தூக்கிவிட்டு இறக்க மறந்த கையால் சர்வீஸுக்கு ஆள் அழைத்தவர்களை அறிவேன். கைக்குப் பதிலாக உணரியோ பட்டனோ உள்ள மாடல்களில், ஐஸ் ஆஃப் என்ற குறி எரிகிறதா என்று பார்த்தால் போதும்.

ஐஸ் வெண்மையாக இருப்பது குறையன்று. தண்ணீரில் கரைந்த காற்றும் உப்புகளும் நடுவில் சிக்கிக்கொள்வதால் அப்படித் தெரிகிறது. நாற்றம்தான் கவனிக்க வேண்டியது. கருவாட்டையும் நறுக்கிய வெங்காயத்தையும் மூடாமல் வைத்த ஃபிரீசரில் ஐஸ் அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். மறுநாள் எலுமிச்சை ஜூஸில் அது கரையும்போதுதான் நமக்குத் தெரியும். பழைய ஐஸைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, தண்ணீர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் காலத்தில், பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் யாரும் எடுக்காத ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஐஸை வெளியே தள்ளும் திருகுத் தண்டையும் முறித்துவிடக்கூடும். ஊருக்குப் போகும்போது ஐஸ் மேக்கரை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, ஃபிரிட்ஜுக்குப் போகும் தண்ணீர் வால்வையும் மூடிவிட்டுப் பூட்டுங்கள்.