பழைய பூங்காச் சவாரிப் படங்களுக்கு ஆண்டு கண்டறியும் முறை

கேளிக்கைப் பூங்காவில் எடுத்த பழைய குடும்பப் படங்களில், எடுத்தவரின் கண் பெரும்பாலும் குழந்தைகள் மீதே இருந்திருக்கும். அவர்களுக்குப் பின்னால் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நிற்கும் ராட்டினமோ ரயிலோ தற்செயலாகப் பதிந்தது. ஆனால் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டறிய முற்படும்போது, முகங்களைவிட அந்தப் பின்னணியே அதிகம் உதவுகிறது. ஆகவே ஓரங்களை வெட்டி அழகுபடுத்தும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள்.

வெள்ளை விளிம்பிலோ ஸ்லைடின் (ஒளியூட்டித் திரையில் காட்டும் பிலிம் படம்) அட்டைச் சட்டத்திலோ மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருந்தால், அது படம் எடுத்த நாள் அல்ல, பிலிம் கழுவப்பட்ட அல்லது பிரிண்ட் போடப்பட்ட மாதம் என்பதை மறக்கக் கூடாது. கோடை விடுமுறையில் தொடங்கிய ஒரு சுருள் அடுத்த பிறந்தநாள் வரை கேமராவிலேயே கிடந்தது அக்காலத்தில் அபூர்வமல்ல. எனவே அந்தத் தேதிக்குப் பிறகு படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்று மட்டும் கொள்ளுங்கள். சதுர வடிவத்தைக் கண்டதும் 1963இல் வந்த கோடாக் நிறுவனத்தின் இன்ஸ்டமாட்டிக் கேமராவில் எடுத்தது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். அதற்கு முன்பும் சதுரப் படம் எடுக்கும் கேமராக்கள் இருந்தன.

அடுத்து சவாரிகளுக்கு வாருங்கள். ஒவ்வொரு சவாரியும் எப்போது திறந்தது, எப்போது மாறியது, எப்போது அகற்றப்பட்டது என்ற மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, அவை ஒன்றையொன்று எங்கே வெட்டுகின்றன என்று பார்ப்பதே இந்த வேலையின் உயிர்நாடி. கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் இதற்கு நல்ல பயிற்சிக்களம். அங்கே ஸ்கைவே என்னும் கம்பித்தட தொட்டில்கள் 1956 முதல் 1994 வரை ஓடின. மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலை 1959இல் எழுந்தது. தொட்டில்கள் இருந்து மலை இல்லையென்றால், படம் பெரும்பாலும் அந்த முதல் சில ஆண்டுகளுக்குள் அடங்கும். தொட்டில்கள் வட்டமாக இருந்தால் 1965க்குப் பிந்தியதல்ல, ஏனெனில் அவ்வாண்டு செவ்வகத் தொட்டில்கள் வந்துவிட்டன. மலையில் சறுக்கும் வண்டிகள் தனித்தனியாக ஓடினால் அது 1978ஆம் ஆண்டு மாற்றத்துக்கு முந்தையது. இரண்டிரண்டாக இணைந்திருந்தால் பிந்தையது. நீர்மூழ்கிக் கப்பல் சாம்பல் நிறத்தில் இருக்கிறதா, 1980களில் பூசிய மஞ்சளிலா என்பதையும் கவனியுங்கள். காற்று மெத்தையில் மிதந்த பறக்கும் தட்டுகள் 1961 முதல் 1966 வரை மட்டுமே இருந்ததால், அவற்றில் ஒன்று மங்கலாகத் தெரிந்தாலும் போதும். மாறாக, நியூயார்க்கின் கோனி தீவிலுள்ள சைக்ளோன் ரோலர் கோஸ்டர் 1927 முதல் நிற்பதால், அது இடத்தைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லாது.

சவாரி எதிர்த்திசையில் திரும்புவதுபோல் தோன்றினால், புதிய விடையைத் தேடுமுன் பெயர்ப்பலகை எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ஸ்லைடையோ நெகட்டிவையோ முன்பின் பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருக்கலாம். இந்த எளிய பிழைக்கு அனுபவசாலிகளும் இரையாகிறார்கள்.

ஸ்கேன் செய்யும்போது பிரிண்டுகளுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) பெரும்பாலும் போதும். 35 மில்லிமீட்டர் ஸ்லைடுகளுக்கு 3000 முதல் 4000 வரை வைத்து, மூலக் கோப்பை டிஃப் (TIFF) என்னும் கோப்பு வடிவில் வண்ணம் திருத்தாமல் சேமித்துவிட்டு, நகலில் மட்டும் திருத்துங்கள். கோடாக்ரோம் என்ற கோடாக் வண்ண பிலிமின் ஸ்லைடுகளிலும் கருப்பு வெள்ளை நெகட்டிவ்களிலும் ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்க வசதியை அணைத்துவிடுவது நல்லது. அது படத்தின் நுண்விவரங்களையே தூசியாக எண்ணி அழித்துவிடக்கூடும். சிவந்துபோன பழைய வண்ணப் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் மங்கியிருக்கும் என்பதால், சவாரியின் நிறத்தை அந்தப் பிரிண்டை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். எளிதில் வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். தனிப் படங்களை பிவிசி உறைகளில் வைக்காமல், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளில் வைத்து, குளிர்ந்த, இருண்ட, ஈரமற்ற இடத்தில் பாதுகாக்கலாம். நீங்கள் கண்டறிந்த ஆண்டைப் படத்தின் முதுகில் பேனாவால் எழுதாமல் உறையின் மேல் எழுதுங்கள். "1961–1965, வட்டத் தொட்டிலும் பறக்கும் தட்டும் தெரிகின்றன" என்பதுபோல் காரணத்தையும் சேர்த்து எழுதினால், பிற்பாடு வேறொருவர் உங்கள் கணக்கைச் சரிபார்க்கவோ மறுக்கவோ முடியும்.