தேக்கா அஞ்சல் குறியீட்டை இரண்டு முறை எழுதினால்: பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

அக்கா மகன் உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். பகாக் காரணி வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, "பெரிசா ஒண்ணு குடுங்க மாமா" என்றான். சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீடு 210665. அதையே இரண்டு முறை ஒட்டி 210665210665 என்று எழுதிக் கொடுத்தேன். விடை எனக்கே தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதலில், பைத்தான் நிரல்மொழியைத் திறவுங்கள். எக்செல் வேண்டவே வேண்டாம். 15 இலக்கத்தைத் தாண்டினால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து 2, 3, 5 என்று வரிசையாக வகுத்து வாருங்கள். மீதி இல்லாமல் போனால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கிடைத்த ஈவை வைத்துத் தொடருங்கள்.

210665210665 ÷ 5 = 42133042133
42133042133 ÷ 7 = 6019006019
6019006019 ÷ 13 = 463000463
463000463 ÷ 101 = 4584163
4584163 ÷ 463 = 9901

நான் சறுக்கியது இங்கேதான். வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும் என்பது பழைய பாடம். ஆரம்பத்தில் அந்த எல்லை சுமார் 458982. ஆனால் ஒவ்வொரு முறை வகுத்ததும் எண் சுருங்குகிறது, எல்லையும் கூடவே சுருங்க வேண்டும். அப்படித்தான் நிரல் எழுதினேன். ஐந்து காரணிகளைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. பெருக்கிப் பார்த்தால் 21277165தான் வருகிறது! கையில் 9901 மிச்சம் இருந்ததை நிரல் எழுதவே இல்லை. 9901இன் வர்க்கமூலம் 100க்கும் கீழே. 463 வரை சோதித்தாயிற்று. ஆகவே அது பகா எண்ணேதான். கடைசியில் மிஞ்சுவது 1ஐவிடப் பெரிதென்றால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஆக, 5 × 7 × 13 × 101 × 463 × 9901.

இது கிடைத்தால் மற்றதெல்லாம் சுலபம். ஆறும் ஒவ்வொரு முறைதான் வருவதால் வகுத்திகள் 2⁶, அதாவது 64. ஒவ்வொரு காரணியோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் கூட்டுத்தொகை 314927327232. அதில் நம் எண்ணைக் கழித்தால் 104262116567, நம் எண்ணைவிடச் சிறியது. எனவே இது குறை எண். ஒவ்வொரு காரணியிலும் 1 கழித்துப் பெருக்கினால் ஆய்லர் சார்பு, அதாவது நம் எண்ணுக்குள் அதோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது: 131725440000.

42133042133, 463000463 என்று ஈவுகளிலும் அதே இரட்டை வேடம் தெரிகிறதா? ஆறிலக்க எண்ணை இரண்டு முறை ஒட்டுவது 1000001ஆல் பெருக்குவதுதான். 1000001 = 101 × 9901. உங்கள் புளோக்கின் குறியீட்டை எடுத்தாலும் இந்த இரண்டும் வரும். இதை முதலிலேயே கவனித்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

பின்சேர்க்கை: மூன்று முறை ஒட்டிப் பார்த்த வாசகர் ஒருவர், 5 காரணியாகவே வரவில்லை என்று எழுதியிருந்தார். 3ஆல் வகுக்கும்போது நிரலில் ஒற்றைச் சாய்கோடு (/) போட்டிருக்கிறார். அது தசம எண்ணாக மாற்றிவிடும். 9007199254740992ஐத் தாண்டினால் எல்லா முழு எண்களும் அதில் அடங்காது. 70221736888403555 வரவேண்டிய இடத்தில் 70221736888403552 வந்திருக்கிறது. இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள். மூன்று முறை ஒட்டுவது 1000001000001ஆல் பெருக்குவதுதான்; அதன் காரணிகளும் 1000001000001 = 3 × 19 × 52579 × 333667 என்று சரியாக வரும்.