கோடைத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பூவாளி செய்த நட்டம்

இந்த ஆண்டு மாசி பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் புதிதாகக் காய்கறிப் பாத்தி போட்டிருக்கிறார்கள். மாலை ஐந்தரை மணிக்கு மூன்று வீட்டிலும் பூவாளி வெளியே வருகிறது. பத்து நிமிடத்தில் மண் கறுத்து, ஈரவாசம் எழுந்து, ஊற்றியவர் மனநிறைவோடு உள்ளே போய்விடுகிறார். மாடியில் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய என் பாத்தியும், அதில் வீணாய்ப்போன தக்காளியும் நினைவுக்கு வருகின்றன.

விதையை ஆழமாகப் புதைப்பது, ஆட்டுக்கு வேலி போடாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்வதில்லை. செய்துகொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் செய்யும் தவறுகள்தாம் செலவு வைக்கின்றன. நான் சொல்வது தருமபுரி நகரத்துச் செம்மண்ணுக்கும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும், மாசி முதல் வைகாசி வரையிலான நான்கு மாதங்களுக்கும் பொருந்தும்.

ஓசூர்ப் பட்டியலைத் தருமபுரியில் விதைப்பது

2004ஆம் ஆண்டு வரை ஒரே மாவட்டமாக இருந்ததாலோ என்னவோ, ஓசூரில் விளைவது இங்கும் விளையும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரியின் உயரம் ஏறக்குறைய அதில் பாதிதான். அங்குள்ள உறவினர் மாசியில் பீன்ஸும் முட்டைக்கோசும் போடுகிறார் என்று இங்கே போட்டால், பங்குனி வெயிலில் பீன்ஸ் பூவோடு நின்றுவிடும், கோசு இலையோடு நின்றுவிடும்.

தக்காளிக்கும் இதே கணக்குத்தான். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் சந்தை நிறையத் தக்காளி குவிவதைப் பார்த்துவிட்டுப் பங்குனியில் நாற்று வாங்குகிறவர்கள் உண்டு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால், தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். கோடையில் காய்க்க வேண்டிய தக்காளியைத் தை மாதத்திலேயே நட்டுவிட வேண்டும். மாசிக்கு மேல் விதைப்பதானால் வெண்டை, கொத்தவரை, காராமணி, பீர்க்கு, புடலை, பாகல், தண்டுக்கீரை ஆகியவை போதும். வெண்டை ஒன்றே ஐம்பது நாளில் கைக்கு வந்துவிடும்.

தினந்தோறும் தெளிக்கும் தண்ணீர்

இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த ஆண்டு தையில் இருபத்து நான்கு தக்காளி நாற்றுகளை, பத்தடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட இரண்டு பாத்திகளில் நட்டிருந்தேன். ஒரு மாலைகூடத் தவறாமல் பாத்திக்கு ஒரு பூவாளி தண்ணீர் தெளித்தேன். செடி நன்றாகவே வளர்ந்தது. பங்குனி முதல் வாரத்தில் காய் எலுமிச்சை அளவுக்கு வந்தபோது, காயின் அடிப்பக்கத்தில் நீர் கோத்தாற்போல ஒரு புள்ளி தெரிந்தது. நான்கு நாளில் அது ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பரந்து, கறுத்து, உள்ளே அமுங்கி, பழைய செருப்புத் தோல்போல ஆகிவிட்டது. மேல்பாதி அழகாகச் சிவக்கிறது. திருப்பினால் அடி கறுப்பு.

உரக்கடையில் காயைக் காட்டினேன். பூஞ்சணம் என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள், தெளித்தேன். பத்து நாள் கழித்து மறுபடி போனபோது, சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று ஒரு கால்சியம் பாட்டில் கொடுத்தார்கள், அதையும் தெளித்தேன். இரண்டுக்குமாக 1,400 ரூபாய் ஆனது. இருபத்து நான்கு செடியில் உருப்படியாகக் கிடைத்த பழம் மூன்று கிலோ.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி வைக்கும் எங்கள் பெரியப்பா ஒருவர் அந்தச் சமயத்தில் ஒரு விசேஷத்துக்காக வந்திருந்தார். காயை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் களைக்கொத்தை வாங்கிப் பாத்தியின் நடுவில் ஒரு கொத்து கொத்தி, மண்ணைப் புரட்டிப் போட்டார். மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே வெளுத்த செம்மண், ஊதினால் பறக்கும் புழுதி. ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேர்கள் கீழே இறங்காமல் அந்த இரண்டு விரல் ஈரத்துக்குள்ளேயே பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்தன. "தெனம் குளிக்க வெக்கற, குடிக்க வெக்கல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தடிக்கு நான்கடி என்றால் 40 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 3.7 சதுர மீட்டர். அதில் 10 லிட்டர் பூவாளியைக் காலி செய்தால், நிற்கும் நீரின் உயரம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. மறுநாள் பகல் பத்து மணிக்குள் வெயில் அதைக் குடித்துவிடும். அரையடி ஆழத்துக்கு மண் நனைய வேண்டுமானால், எங்கள் மண்ணில் அதே பாத்திக்கு ஐந்தாறு குடம் தண்ணீர் இறங்க வேண்டியிருக்கிறது.

காயின் அடி கறுத்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்னவென்றால், சுண்ணாம்புச்சத்து செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே போகிறது. தண்ணீர் எங்கே அதிகமாக ஆவியாகிறதோ அங்கே, அதாவது இலைக்கு, முதலில் போய்ச் சேர்கிறது. காய்க்கு மிச்சம்தான். வேர்ப்பகுதி பகலில் காய்வதும் மாலையில் நனைவதுமாக இருந்தால் அந்த மிச்சமும் தடைப்படும், காயின் நுனியில் உள்ள திசு செத்துவிடும். பூஞ்சணத்துக்கு இதில் பங்கே இல்லை. மண்ணிலும் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் ஆறு மாதத்தில் வெள்ளைப் பொருக்கு ஏறும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, சுண்ணாம்புச்சத்தைப் பாட்டிலில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பொருக்குத் தண்ணீரால் இன்னொரு கேடும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும்போது நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பாத்தியின் ஓரத்திலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளை பூத்து, இலை ஓரம் கருகுவது இதனால்தான். நிறைய ஊற்றினால் அந்த உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கும். தொட்டியானால் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும் வரை ஊற்ற வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். பாத்திக்குப் பதிலாக மண்ணை நீள மேடாக அணைத்துப் பார் அமைத்து, பாருக்கு இடையிலுள்ள காலில், அதாவது பள்ளத்தில், குடத்தால் தண்ணீர் விடுகிறேன். பங்குனியில் மூன்று நாளைக்கு ஒருமுறை, சித்திரைக் கடைசியில் கத்தரி வெயில் தொடங்கிய பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிகாலையில் பாய்ச்சுகிறேன். ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பார்க்கப் பழைய குடைக்கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். நனைந்த மண்ணில் அது வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். நின்ற இடத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து அளந்தால் ஒரு சாணாவது இருக்க வேண்டும். தண்ணீர் விட்ட பிறகு ராகித் தாளோ நிலக்கடலைத் தோலோ மூன்று விரல் கனத்துக்குப் போட்டு மூடிவிடுகிறேன், தண்டை ஒட்டாமல். மூடாத செம்மண் பூவாளித் தண்ணீர் பட்டுப் பட்டு இறுகி, அடுத்த முறை ஊற்றுவதை உள்ளேயே விடாது.

மூன்று எச்சரிக்கைகள். ஏற்கெனவே மேலாக வேர் விட்டிருக்கும் செடிக்கு நாளையிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை என்று மாற்றினால் செத்துப்போகும்; முதலில் அளவைக் கூட்டி, பத்து நாள் கழித்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். முளைத்துவரும் விதைக்கும் கீரைப் பாத்திக்கும் பூவாளியே சரி. சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும், தினமும் ஐந்து நிமிடம் திறந்து மூடுவதானால், இதே தவறைக் குழாய் வழியாகச் செய்கிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கை போன வாரம், "தெனமும் தண்ணி ஊத்தறனே அக்கா, அப்புறமும் மத்தியானம் பூசணி வாடுதே" என்று கேட்டார். அவர் பாத்தி காய்ந்திருந்தது என்பது உண்மை. ஆனால் பூசணி, சுரை போன்ற அகன்ற இலைச் செடிகள் வேரில் ஈரம் இருந்தாலும் இரண்டு மணி வெயிலில் இலையைத் தொங்கப் போடும், மாலையில் தானாக நிமிரும். மாலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தாகம். மத்தியானத் தொங்கலைப் பார்த்து ஓடிப்போய்த் தண்ணீர் தெளிப்பதும் அந்தப் பூவாளிப் புத்திதான்.

மட்காத சாணம்

சூடும் நாற்றமும் இருக்கும் வரை சாணம் எருவல்ல. அரைகுறையாக மட்கியதைப் போட்டால் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவையும் கரையானையும் விருந்துக்கு அழைத்ததாகும். "டிராக்டரில் மலிவாக வருகிறது" என்று சித்திரையில் வாங்கினால், ஓரத்தில் குவித்து, நனைத்து, மூடி வைத்துவிட்டு ஆடிப்பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண் பூ உதிர்ந்ததற்கு டானிக் வாங்குவது

கொடிகளில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை பூத்து, ஒரு நாளில் உதிர்வதுதான் அவற்றின் வேலை. பூவின் பின்புறம் விரல்நுனி அளவில் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. அது வர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் பூ கொட்டுகிறது என்று பயந்து டானிக் தெளிப்பவர்கள் எத்தனையோ பேர்.

பெண் பூவும் பிஞ்சோடு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். நகரத்து வீடுகளில் தேனீ குறைவு என்பதால் இது அடிக்கடி நேர்கிறது, கையால் சேர்த்துவிடலாம். ஆனால் நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடிகாலையில் மலர்கின்றன. பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது மலர்கின்றன. நான் இரண்டு ஆண்டுகள் காலை ஏழு மணிக்கு எழுந்து போய் வாடிப்போன பீர்க்கம்பூவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணிக்குப் போய், ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். மூன்றாம் நாள் பிஞ்சு தலைகவிழ்ந்து நீளத் தொடங்கியிருக்கும்.

நண்பகலில் வேப்பெண்ணெய்

இலை கருகும். மாலையில் தெளியுங்கள்.

நோய் வந்த வெண்டைக்கு இரக்கம் காட்டுவது

இலை நரம்புகள் மஞ்சள் வலைபோலத் தெரிந்து காயும் வெளுத்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், வந்த செடிக்கு மருந்து கிடையாது. "இன்னும் நாலு காய் காய்க்குமே" என்று விட்டுவைத்தால் வரிசை முழுவதும் போகும். பிடுங்கி வெளியே போட வேண்டும்.

வீட்டைப் போலத் தோட்டத்துக்கும் கூரை போடுவது

வெண்டைக்கும் கொடிகளுக்கும் நிழல்வலை வேண்டாம். கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத வலை போதும், அதுவும் கத்தரி வெயில் முடியும் வரை.

கோடை மழையை நம்பி ஒரு வாரம் ஓய்வெடுப்பது

சித்திரையில் மாங்காயை உதிர்க்கும் காற்றோடு மழை வருகிறது. சில ஆண்டுகளில் ஆலங்கட்டியும் விழுகிறது. பந்தல் கால்களை அதற்கு முன்பே இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். காய் ஏறிய பந்தல் ஒருமுறை சாய்ந்தால் கொடியை மீண்டும் தூக்கி நிறுத்த முடியாது. தக்காளி நிறம் மாறத் தொடங்கியிருந்தால், வானம் கறுக்கும்போதே பறித்துவிடுவது நல்லது. காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் இறங்கினால் பழம் வெடித்துவிடும்.

மழை ஓய்ந்ததும் முற்றமெல்லாம் சேறாக இருப்பதைப் பார்த்து, ஒரு வாரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இருபது நிமிடம் ஆர்ப்பாட்டமாகப் பெய்த மழை, சரிவான செம்மண்ணில் பாதி ஓடிப்போய், பல சமயம் விரல் ஆழத்துக்கு மேல் நனைப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை பெய்த மழைக்குப் பிறகு மூன்று வீட்டுப் பாத்தியிலும் குடைக்கம்பியைக் குத்திக் காட்டினேன். மிக ஆழமாகப் போனதே இரண்டு அங்குலம்தான். கம்பி இப்போது மூன்றாம் வீட்டில் இருக்கிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.