ஒப்பந்த நிறுவனம் நடத்தும் அணுக்கழிவுத் தளத்தில் அரசின் மேற்பார்வையை மதிப்பிடுவது எப்படி?

நிலமும் கட்டடமும் கழிவும் அரசுக்குச் சொந்தமாக இருக்க, நடத்தும் பொறுப்பை மட்டும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போரின்போது முதல் அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டக் காலத்திலேயே வேரூன்றியது. அணு ஆயுத ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸும், அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபர்டும் இன்றும் அப்படித்தான் இயங்குகின்றன. இத்தகைய தளத்தில் அரசின் கண்காணிப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பதைப் பொதுவெளியில் கிடைக்கும் ஆவணங்களைக் கொண்டே ஒருவர் ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில் துப்புரவுச் செலவு என்னும் கடன் யாருடையது என்று பார்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் ஏறத்தாழ 5.6 கோடி கேலன் கதிரியக்கக் கழிவு இருக்கிறது. ஒப்பந்த நிறுவனங்கள் வந்து போகும். கழிவு அரசின் பெயரிலேயே நிற்கும். ஆகவே இத்தளங்களுக்குப் பொறுப்பான அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆண்டு நிதியறிக்கையில், எதிர்காலத் துப்புரவுக்கான சுற்றுச்சூழல் பொறுப்புத் தொகை எவ்வளவு என்று தேடி, குறைந்தது ஐந்தாறு ஆண்டுகளின் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். அத்தொகை 50,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் செலவழித்த பிறகும் அது ஏறுகிறது என்றால், ஏன் என்ற கேள்வியே உங்கள் தொடக்கப் புள்ளி.

அடுத்தது ஊதியம். இவ்வொப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் செலவு முழுவதையும் அரசு திருப்பித் தருகிறது. அதற்கு மேல் செயல்திறனைப் பொறுத்து ஊக்கத்தொகை கிடைக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் எழுதப்படும் மதிப்பீட்டுத் திட்டத்தையும் இறுதியில் வரும் மதிப்பெண் அறிக்கையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இத்தனை தொட்டிகள் காலியாயின என்பது விளைவு. திட்ட அறிக்கை உரிய நாளில் சமர்ப்பிக்கப்பட்டது என்பது வெறும் நடவடிக்கை. பணம் இரண்டாவதற்கே அதிகம் போகிறது என்றால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதை நம்பி மயங்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஆணையிடக்கூடியவர் யார், அறிவுரை மட்டும் சொல்லக்கூடியவர் யார் என்று பிரித்தறிய வேண்டும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மின் உற்பத்தி உலைகளைக் கட்டுப்படுத்தும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திற்கு, எரிசக்தித் துறையின் தளங்களில் பெரும்பாலும் அதிகாரமில்லை. இத்தளங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1988இல் அமெரிக்கப் பேரவை (காங்கிரஸ்) உருவாக்கிய வாரியம் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. உண்மையான பிடி ஹான்ஃபர்டில் மாநில அரசிடம் இருக்கிறது: 1989இல் எரிசக்தித் துறையும் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையும் வாஷிங்டன் மாநிலமும் கையெழுத்திட்ட முத்தரப்பு உடன்படிக்கையில் காலக்கெடுக்கள் குறிக்கப்பட்டுள்ளன, அவை மீறப்பட்டால் மாநிலம் நீதிமன்றம் செல்லலாம், சென்றும் இருக்கிறது.

அந்தக் காலக்கெடுக்களின் திருத்த வரலாற்றைத் தனியாகப் படிப்பது நல்லது. ஹான்ஃபர்டின் கழிவைக் கண்ணாடியாக உறைய வைக்கும் ஆலைக்கு 2000இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் கண்ணாடி உருவாக 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், அணு ஆலைகளுக்கு வேண்டிய தரத்திற்கு ஒவ்வாத பொருள்களுக்கும் பணிகளுக்கும் அரசிடம் பணம் பெற்றதான குற்றச்சாட்டைத் தீர்க்க, ஒப்பந்த நிறுவனங்கள் 2016இல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமலேயே 12.5 கோடி டாலர் செலுத்தின. இப்படியொரு தகவல் கிடைத்தால், அதே ஆண்டுகளின் மதிப்பெண் அறிக்கைக்குத் திரும்பிச் சென்று, அங்கே தரத்தைப் பற்றி என்ன எழுதியிருந்தார்கள் என்று பாருங்கள். எரிசக்தித் துறையின் ஒப்பந்த மேலாண்மையைப் பேரவையின் தணிக்கை அலுவலகம் 1990 முதலே உயர் இடர்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம்மூரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்த நடை அந்நியமாகத் தோன்றாது.

கடைசியாக, ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்குக் கழிவு மாறும் இடத்தைக் கவனிக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் நிலத்தடி உப்புப் பாறைக் கிடங்கில் ஒரு பீப்பாய் சூடேறி வெடித்துக் கதிரியக்கம் கசிந்தது. லாஸ் அலமோஸில் அதில் கழிவை நிரப்பிக் கட்டியபோது, ஈரத்தை உறிஞ்சக் கனிமப் பொருளுக்குப் பதிலாகத் தாவரப் பொருளாலான பூனை மணலை (வளர்ப்புப் பூனைகளின் கழிவுத் தட்டில் இடும் உறிஞ்சுபொருளை) கலந்திருந்தார்கள். அது நைட்ரேட் உப்புகளோடு வினைபுரிந்தது. செய்முறையில் நுழைந்த அந்தச் சிறு மாற்றம் கட்டிய இடத்தின் பரிசோதனையிலும் சிக்கவில்லை, வாங்கிய இடத்தின் பரிசோதனையிலும் சிக்கவில்லை. கிடங்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் மூடிக் கிடந்தது. எனவே எந்தத் தளத்தை ஆராய்ந்தாலும், செய்முறைத் திருத்தத்திற்கு ஒப்புதல் அளித்தவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியரா, அரசின் பொறியாளரா என்று கேளுங்கள். அரசின் கையெழுத்து இருந்தால், அவர் பீப்பாயைப் பார்த்தாரா, தாளை மட்டும் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.