மெல்லிய அடுக்குகளில் ஒளியும் நிலையாமையும்

அருவ ஓவியத்தில் ஜெஸ்ஸோ என்னும் வெண்மையான அடிப்பூச்சின்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம், ஒளி ஊடுருவும் அடுக்குகளைக் கடந்து கண்ணை அடையும்போதுதான் வண்ணம் உள்ளிருந்து சுடர்கிறது. ஆகவே ஜெஸ்ஸோவை நன்கு உலரவிட்டு, அக்ரிலிக் மீடியம் என்னும் நிறமி சேராத பசைத் திரவத்தில் நனைத்த டிஷ்யூ தாளைச் சுருக்கங்களோடு ஒட்டுங்கள். ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் மீடியம் காயக் காயத் தெளிந்து, தாளின் இழைகளுக்கிடையே அடிநிறம் மெல்லத் தெரியத் தொடங்கும். அதுவரை அடுத்த அடுக்கைத் தொடங்காதீர்கள்.

பிறகு, ஒரு துளி வண்ணத்தை நிறைய மீடியத்தில் கலந்து மெல்லிய படலமாகப் பூசி, காய்ந்தபின் சில இடங்களை மட்டும் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, புதைந்த நிறத்தை வெளிக்கொணருங்கள். நிலையாமை இந்த இழப்பில்தான் மெய்யாகப் புலப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம். வண்ணமே மங்கவேண்டுமென்றால், வெளிச்சத்தில் வெளிறும் அலிசரின் கிரிம்சன் என்னும் கருஞ்சிவப்பு நீர்வண்ணத்தை ஓர் ஓரத்தில் மட்டும் பயன்படுத்தலாம்.